செண்டைச் செய்தவரின் பெயரையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் புதிதாக வந்திருக்கும் ஒரு செண்டைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். மர வாசமும் பூ வாசமும் கலந்த வகை, உட்டி ஃப்ளோரல் என்று சொல்வார்களே, அது. எந்த செண்ட் என்று இங்கே பெயர் சொல்லத் தேவையில்லை, அதன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை கட்டுரையின்மேல்தான். "இது எதிலிருந்து பிறந்தது" என்று ஒரு பெட்டிச் செய்தி இருந்தது. அதில் விடியற்காலைக் காடு, மழை விட்ட பிறகு வரும் அமைதி, தன் வழியைத் தானே தேர்ந்தெடுக்கும் பெண் என்று வரிசையாக வந்தது. நடுவில் சந்தனம், மல்லிகை, சிடார் என்று மூன்று பெயர்கள் வந்து போயின. அதைச் செய்தவர் யார் என்று இல்லை. அந்தச் சந்தனம் மரத்திலிருந்து வந்ததா ஆய்வுக்கூடத்திலிருந்து வந்ததா என்று இல்லை. மரத்தையும் பூவையும் எதற்காக ஒன்றாகப் போட்டார்கள் என்பதும் இல்லை. ஒரு பக்கம் முழுக்கப் படித்து முடித்த பிறகும் அந்தப் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று வாசகருக்குத் தெரியாது.

ஒரு சினிமாவைப் பற்றி எழுதும்போது இயக்குநர் பெயரை விட்டுவிட்டு எழுதுவீர்களா? புத்தக விமர்சனம் போடும்போது எழுதியவர் பெயர் இல்லாமல் போடுவீர்களா? வாசனை விஷயத்தில் மட்டும் இது சகஜமாகிவிட்டது, உலகம் முழுக்கவே அப்படித்தான். விளம்பரத்துக்காக எழுதப்பட்ட கதை ஒன்று இருக்கும், செண்டுக்குள் நிஜமாக நடந்த கதை இன்னொன்று இருக்கும். நான் பல வருடங்களாக இந்த வாசனைகளைத் தேடித் தேடி முகர்ந்து, அவற்றைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறவன். இரண்டாவது கதை முதல் கதையைவிட எப்போதுமே நன்றாக இருக்கும், அதைத்தான் பத்திரிகைகள் எழுத வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில், மரத்தோடு பூ ஏன் சேர்கிறது என்று பார்ப்போம். பூவின் வாசம் நிற்காது. மல்லிகை வாசத்தில் பெரும் பங்கு வகிக்கும் பென்சைல் அசிடேட் என்ற பொருளின் மூலக்கூறு எடை 150, பல பூக்களில் இருக்கும் லினலூலுக்கு 154. எடை குறைந்த இந்த மாதிரி மூலக்கூறுகள் சீக்கிரம் ஆவியாகிக் காற்றோடு போய்விடும். சந்தன எண்ணெயின் உயிரான சாண்டலால் 220. அது அவசரப்படாது. ஒரு காகிதப் பட்டையில் மரவாசச் செண்டைத் தொட்டு வைத்துவிட்டு மறுநாள் காலை எடுத்து முகர்ந்தாலும் சந்தனமோ வெட்டிவேரோ இருக்கும். வெறும் பூ எண்ணெயைத் தொட்டு வைத்த பட்டையில் மறுநாள் மங்கலாக ஏதோ மிச்சம் இருந்தால் அதிகம். இரண்டையும் கலக்கும்போது கனமான எண்ணெய், இலேசான பூ வாசத்தைச் சட்டென்று ஓட விடாமல் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. பூ கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வருகிறது. அப்புறம் பூ போன இடத்தில் மரம் நிற்கிறது, ஆனால் அது வெறும் மரமாக இல்லாமல் பூவோடு பழகிய மரமாக இருக்கிறது. இந்த வகைச் செண்டுகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் தூண்டுதல் இதுதான், ஓடிப்போகிற ஒன்றைக் கொஞ்ச நேரமாவது நிறுத்தி வைப்பது.

இதை முதலில் கண்டுபிடித்தது பாரிஸ் இல்லை. உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் ஊரில் அத்தர் காய்ச்சும் முறையைக் கவனித்துப் பாருங்கள். தேக் என்கிற பெரிய செம்புப் பானை, அதில் பூவும் தண்ணீரும். மூடியைச் சுற்றிக் களிமண் பூசி அடைத்துவிட்டு அடியில் தீ மூட்டுவார்கள். ஆவி ஒரு மூங்கில் குழாய் வழியாகப் போய் பப்கா என்கிற இன்னொரு பாத்திரத்தில் இறங்கும். அந்தப் பாத்திரம் தண்ணீர்த் தொட்டியில் குளிர்ந்தபடி உட்கார்ந்திருக்கும், அதற்குள் முன்பே ஊற்றி வைத்திருப்பது சந்தன எண்ணெய். பூவின் ஆவி குளிர்ந்து நேராகச் சந்தனத்துக்குள் விழுகிறது. பிரிந்து நிற்கும் தண்ணீரை மட்டும் எடுத்துத் திரும்பப் பானையில் ஊற்றி, புதுப்பூ போட்டு, மறுபடி காய்ச்சுவார்கள். சந்தனம் போதும் என்கிற அளவுக்குப் பூவைக் குடிக்கும்வரை இது நாள்கணக்கில் நடக்கும். பானை சரியான சூட்டில் இருக்கிறதா என்று செம்பைத் தொட்டும் குழாயில் போகும் சத்தத்தைக் கேட்டும் கண்டுபிடிக்கிறவர்கள் அவர்கள். மரமும் பூவும் சேர்ந்த செண்டுக்கு இதைவிடத் தெளிவான பிறப்புக் கதை கிடையாது. இன்று சந்தன எண்ணெய் கட்டுப்படியாகாமல் பல அத்தர்களில் அதற்குப் பதிலாக லிக்விட் பாரஃபின் என்ற வாசமில்லாத கனிம எண்ணெயை ஊற்றுகிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் அப்போது பூ மட்டும்தான் மிஞ்சுகிறது, அதைத் தாங்கிப் பிடிக்கும் மரம் போய்விடுகிறது.

ஐரோப்பாவுக்கு வருவோம். 1926இல் ஷனேல் நிறுவனத்துக்காக எர்னெஸ்ட் போ செய்த 'புவா தெஸ் ஈல்' இந்த வகையில் முன்னோடி, சந்தனத்தை நடுவில் உட்காரவைத்து மல்லிகை, ரோஜா, இலாங் பூக்களைச் சுற்றிலும் வைத்தது, இன்றும் விற்பனையில் இருக்கிறது. அவர்தான் 1921இல் 'நம்பர் 5' செய்தவர். ஆனால் அந்த நம்பர் 5 என்றதும் எல்லோருக்கும் ஷனேல் அம்மையார் முகம்தான் நினைவுக்கு வருகிறது, போவின் முகம் எத்தனை பேருக்குத் தெரியும்?

அடுத்தது 1989இல் கெர்லேன் என்ற பிரெஞ்சு செண்ட் நிறுவனம் வெளியிட்ட 'சம்சாரா'. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் வாதம் முழுக்க இதற்குள் இருக்கிறது. பெயர் சமஸ்கிருதம், பாட்டில் சிவப்பு, விளம்பரத்தில் கிழக்கத்திய ஞானம், பிறவிச் சுழற்சி, உள் அமைதி எல்லாம் உண்டு. இது விளம்பரக் கதை. ஆனால் அதைச் செய்த ழான்-பால் கெர்லேன், தாம் நேசித்த ஒரு பெண்ணுக்காக அதைச் செய்தார் என்பதும், அந்தப் பெண்ணுக்குப் பிடித்தவை மல்லிகையும் சந்தனமும் என்பதும் அந்த நிறுவனத்தின் வழியாகவே பரவிய கதை. எவ்வளவு எளிமையாக இருக்கிறது பாருங்கள். ஒருவருக்கு இரண்டு வாசனை பிடிக்கும், இன்னொருவருக்கு வாசனை செய்யத் தெரியும். அந்த இரண்டையும் எடுத்து, வழக்கத்தில் யாரும் போடாத அளவுக்கு மைசூர்ச் சந்தன எண்ணெயை அள்ளிப் போட்டு, அதன்மேல் மல்லிகையை ஏற்றினார். எவ்வளவு மல்லிகை வேண்டியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு கிலோ மல்லிகை அப்சல்யூட், அதாவது பூவிலிருந்து பிரித்தெடுத்த அடர்ந்த சாரம், எடுக்க ஏறக்குறைய 600 முதல் 700 கிலோ பூ வேண்டும், ஒரு கிலோவுக்குப் பல ஆயிரம் பூக்கள், அத்தனையும் வெயில் ஏறுவதற்கு முன் கையால் பறித்தவை. சம்சாராவின் முதல் தயாரிப்பை முகர்ந்தவர்கள் அந்தச் சந்தனத்தைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள். இப்போது வரும் சம்சாராவில் அந்த அளவு இயற்கைச் சந்தனம் இல்லை. அது ஏன் என்று கேட்டால் அதற்குப் பதில் காட்டில் இருக்கிறது. விளம்பரம் காட்டும் காட்டில் கிடையாது, நிஜமாகவே வெட்டித் தீர்ந்துபோன காட்டில்.

சந்தனமரம் பக்கத்து மரங்களின் வேரில் தன் வேரைச் செருகிக்கொண்டு ஓரளவு அவற்றிடமிருந்து உறிஞ்சி வளரும் ஜாதி. வாசம் வெளிமரத்தில் கிடையாது. உள்ளே வைரம் பாய்ந்த பகுதியில்தான், அது உருவாகவே பல வருடங்கள் ஆகும். வேரில் எண்ணெய் அதிகம் என்பதால் வெட்டுவதோடு நிறுத்தாமல் வேரோடு பிடுங்குவார்கள். 1998இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த மரத்தை அழிய வாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது. இன்று ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் தோட்டம் போட்டு இதே மரத்தை வளர்க்கிறார்கள், அங்கே இயல்பாக வளரும் வேறு ஒரு சந்தன இனமும் இருக்கிறது, ஆனால் அதன் வாசம் கொஞ்சம் காய்ந்த மாதிரி இருக்கும். இவை போக, ஜவனால், எபனால், பாலிசாண்டால் என்று ஆய்வுக்கூடச் சந்தனங்கள் பல உண்டு. இன்று ஒரு செண்டின் அட்டையில் சந்தனம் என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகவோ, இவற்றோடு சிறிது இயற்கை எண்ணெய் கலந்ததாகவோ இருக்கும். இதில் ஏமாற்று என்று எதுவும் இல்லை, ஜவனால் அபாரமான பொருள், துளி போதும், நாள் முழுக்க நிற்கும். ஆனால் அதை மறைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் கட்டுரை "பழமையான சந்தனக் காடுகளின் ஆன்மா" என்று எழுதியது. அந்தக் காடு எங்கே இருக்கிறது, அந்தச் சந்தனம் எதிலிருந்து வந்தது என்று ஒரு வரி கேட்டிருக்கலாம்.

சரி, எனக்கு மிகவும் பிடித்த உதாரணத்துக்கு வருகிறேன். ஷிசைடோ என்ற ஜப்பானிய அழகுப் பொருள் நிறுவனம் 1992இல் வெளியிட்ட 'ஃபெமினிதே து புவா'. பின்னாளில் அந்த நிறுவனத்தின் கலை இயக்குநரான செர்ஜ் லூட்டன்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1968இல் முதல் முறையாக மொராக்கோவின் மராகேஷ் நகருக்குப் போகிறார். அங்கே தச்சர்கள் வேலை செய்யும் கடைத்தெருவில் சிடார் மரத்துண்டு ஒன்று அவர் கைக்குக் கிடைக்கிறது. அட்லஸ் மலையின் சிடார். அதன் வாசம் அவரை விடவே இல்லை. அதற்குப் பிறகு இருபது வருடங்களுக்கும் மேல் கழித்துத்தான் அது ஒரு செண்டாக வருகிறது! அதுவும் அவர் கையால் வரவில்லை. அவர் சொன்னார், பியேர் பூர்தோனும் கிறிஸ்டோஃபர் ஷெல்ட்ரேக்கும் செய்தார்கள். அந்தக் காலத்தில் பெண்களுக்கான செண்ட் என்றால் பூங்கொத்து, மரம் என்றால் ஆண்கள் சவரம் செய்த பிறகு பூசிக்கொள்வது என்று கோடு போட்டு வைத்திருந்தார்கள். லூட்டன்ஸ் அந்த மரத்துண்டையே நடுவில் வைத்துப் பெண்களுக்கான செண்ட் வேண்டும் என்றார். ஓரத்தில் அலங்காரமாகச் சேர்க்கும் மரம் அவருக்குப் போதவில்லை.

இதில் சிக்கல் என்னவென்றால், சிடார் எண்ணெய் தனியாக இருந்தால் வறட்சியாக, கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். பென்சில் சீவும்போது வருவது விர்ஜீனியா சிடார், தாவரவியல்படி அது ஜூனிப்பர் இனம். அட்லஸ் சிடார் அதைவிட இனிப்பானது, ஆனாலும் அதில் ஒரு விலங்குத்தனம் உண்டு. அதை எப்படிப் பூவோடு இணைப்பது? அவர்கள் கையில் எடுத்தது வயலட் பூவின் வாசம். வயலட்டுக்கு ஒரு பக்கம் பூ முகம், இன்னொரு பக்கம் பொடி பூசிய மர முகம். பூவுக்கும் மரத்துக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் கைகொடுக்கக் கூடிய வாசனை அது. அதோடு ஆரஞ்சுப் பூ, பிளம் பழத்தின் கருமையான இனிப்பு, இலவங்கப்பட்டை, ஏலக்காய். முகர்ந்தால் எங்கே பழம் முடிகிறது, எங்கே மரம் தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. ஒரு மணி நேரம் கழித்து மணிக்கட்டை முகர்ந்தால் மரத்தூளும் வயலட்டும் மட்டும் இருக்கும், மெதுவாக, சூடாக. இந்த ஒரு செண்டிலிருந்து 'புவா த வியோலெத்' போன்று இன்னும் சில கிளைகள் பிரிந்தன, அதற்குப் பிறகு வந்த எத்தனையோ மர மலர்ச் செண்டுகள் இதன் வாரிசுகள்தான். இதன் தூண்டுதலை ஒரே சொல்லில் சொல்லிவிடலாம், மரத்துண்டு. காடு, சுதந்திரம், விடியல் எதுவும் தேவைப்படவில்லை.

தூண்டுதல் என்றால் எப்போதும் பயணமும் காதலும்தான் என்றும் நினைக்க வேண்டாம். மேலே சொன்ன வயலட் வாசமே 1893இல் ஒரு ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. ஃபெர்டினாண்ட் டீமன், பால் க்ரூகர் என்ற இரண்டு வேதியியலாளர்கள் ஐரிஸ் கிழங்கின் வாசத்தைத் துருவிக்கொண்டிருந்தார்கள், ஏனென்றால் வயலட் பூவிலிருந்து எண்ணெய் எடுப்பது அவ்வளவு செலவு பிடித்த காரியம், ஐரிஸ் கிழங்கிலோ அதே சாயல் இருந்தது. அந்தக் கிழங்கையும் தோண்டியதும் பயன்படுத்த முடியாது, சில வருடங்கள் உலர வைத்தால்தான் வாசம் உருவாகும். அவர்கள் தேடிப் போய்க் கிடைத்தது அயனோன். அதற்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு, முகர்ந்த கொஞ்ச நேரத்தில் மூக்கு அதை உணர்வதை நிறுத்திவிடும், பிறகு திரும்ப வரும். வயலட் வாசம் வந்து வந்து போவது அதனால்தான். 1973இல் ஐஎஃப்எஃப் என்ற அமெரிக்க வாசனைப் பொருள் நிறுவனத்தின் வேதியியலாளர்கள் உருவாக்கிய ஐசோ ஈ சூப்பர் இன்னொன்று. சிடார் மாதிரி, ஆனால் சிடாரின் முரட்டுத்தனம் இல்லாமல், வெல்வெட் மாதிரி மிருதுவாக இருக்கும் பொருள். இன்று கடையில் இருக்கும் மர மலர்ச் செண்டுகளில் இது இல்லாதவற்றைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 2006இல் கேசா ஷோன் என்பவர் இந்த ஒரே பொருளை மட்டும் ஆல்கஹாலில் கரைத்து 'மாலிக்யூல் 01' என்று வெளியிட்டார், அதுவும் ஓடியது. சிலருக்கு அதில் ஒன்றுமே தெரியாது, பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும்.

பூ பக்கமும் இதே கதைதான். லில்லி ஆஃப் த வேலி என்ற சின்ன வெள்ளைப் பூவிலிருந்து வாசனைத் தொழிலுக்கு உதவும்படி எண்ணெய் எடுக்க முடியாது, எவ்வளவு முயன்றாலும் தராது. எத்மோன் ரூத்னிட்ஸ்கா என்ற செண்ட் கலைஞர் என்ன செய்தார்? தன் வீட்டுத் தோட்டத்தில் அந்தச் செடியை நட்டு, பூக்கும்போதெல்லாம் குனிந்து முகர்ந்து, அந்த வாசத்தை வேறு பொருள்களைக் கொண்டு ஒவ்வொன்றாகக் கட்டினார். 1956இல் 'டியோரிசிமோ' அப்படித்தான் வந்தது. பிற்பாடு, பூவைப் பறிக்காமலேயே செடியில் இருக்கும்போது சுற்றியுள்ள காற்றை மட்டும் பிடித்து அதில் என்னென்ன மூலக்கூறுகள் இருக்கின்றன என்று அளக்கும் முறை வந்தது. இந்தியாவில் பிறந்து ஐஎஃப்எஃப் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரஜா முகர்ஜி இதில் முன்னோடிகளில் ஒருவர். 1998இல் டிஸ்கவரி விண்கலத்தில், ஜான் க்ளென் இரண்டாவது முறையாக விண்வெளிக்குப் போன அதே பயணத்தில், ஒரு சிறிய ரோஜாச் செடியையும் அனுப்பினார்கள். எடையற்ற நிலையில் அந்த ரோஜா குறைவாக மணந்தது, அதோடு பூமியில் மணந்த மாதிரியும் மணக்கவில்லை, வாசத்தின் சேர்மானமே மாறியிருந்தது. அந்த வாசத்தை வைத்து உருவாக்கிய பூவாசம் ஷிசைடோவின் 'ஜென்' என்ற செண்டில் சேர்ந்தது. இதைவிட எந்த விளம்பர எழுத்தாளர் நல்ல கதை எழுதிவிடுவார்? இதெல்லாம் நிஜமாக நடந்தவை, பெயரும் வருடமும் உள்ளவை, தேடினால் கிடைப்பவை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் கட்டுரை பெண்கள் பக்கத்தில் வந்தது, "மரத்தின் கம்பீரமும் மலரின் மென்மையும்" என்று எழுதி, கம்பீரம் ஆணுக்கு, மென்மை பெண்ணுக்கு என்று பிரித்தும் கொடுத்தது. சந்தனத்தை நேராக முகர்ந்தவர் யாரும் இப்படி எழுத மாட்டார். அது பால் மாதிரி மிருதுவானது. மல்லிகையை முகருங்கள், இனிப்புக்கு அடியில் இண்டோல் என்ற பொருள் கனமாக, கொஞ்சம் அழுகல் வாசத்தோடு இருக்கும், அது இல்லாவிட்டால் மல்லிகை சோப்பாகிவிடும். இந்தச் சேர்க்கையில் பல நேரங்களில் மென்மை மரத்திலிருந்தும் முரட்டுத்தனம் பூவிலிருந்தும் வருகிறது. இந்த வகையின் அழகே அங்கேதான் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும், எந்தப் பக்கத்தில் அச்சிட்டாலும் மூக்கு ஒன்றுதான்.

செய்தவர் பெயர் விஷயத்துக்குத் திரும்புகிறேன். 2000இல் ஃப்ரெதெரிக் மால் தன் நிறுவனத்தைத் தொடங்கியபோது பாட்டிலின் மேலேயே அதைச் செய்தவரின் பெயரை அச்சிட்டார். அதுவரை அது கேள்விப்படாத விஷயம். ஒரு செண்டைச் செய்தவர் நூற்றுக்கணக்கான சோதனைக் கலவைகளைப் போட்டுப் பார்த்து, ஒரு பொருளைத் துளி கூட்டி இன்னொன்றைத் துளி குறைத்து, மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பார், கடைசியில் மேடையில் நடிகையோ ஆடை வடிவமைப்பாளரோ நிற்பார். பிரான்சின் வெர்சாய் நகரில் 1990இல் தொடங்கிய ஆஸ்மோதெக் என்ற வாசனைக் காப்பகம் இருக்கிறது. அங்கே பழைய செண்டுகளை 12 டிகிரி குளிரில், ஆர்கான் வாயுவின் கீழே, வெளிச்சம் படாமல் பாதுகாக்கிறார்கள். கடையில் இன்று கிடைக்காத செண்டுகளை அங்கே முகரலாம். ஓவியத்துக்கும் இசைக்கும் இருக்கிற மரியாதை வாசனைக்கும் உண்டு என்று நம்புகிறவர்கள் அதைத் தொடங்கினார்கள். நீங்களும் நம்பினால் நன்றாக இருக்கும்.

அட்டையைப் படிக்கவும் வாசகர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். ஒவ்வாமை தரக்கூடிய வாசனைப் பொருள்கள் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அவற்றின் பெயரைப் போட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டம் இருக்கிறது. நெடுநாள் 26 ஆக இருந்த அந்தப் பட்டியல் 2023இல் வந்த திருத்தத்தில் 80ஐத் தாண்டிவிட்டது. அதனால் வெளிநாட்டுச் செண்டுகளின் பெட்டியில் பொடி எழுத்தில் லினலூல், ஜெரானியால், ஆல்ஃபா ஐசோமெத்தில் அயனோன் என்று இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை, பூவிலேயே இருப்பவை அதில் பாதி. ஆனால் தோல் எரிச்சல் உள்ளவர்களுக்கு இது தேவையான தகவல், ஆர்வம் உள்ளவர்களுக்கு இது அந்தச் செண்டுக்குள் நுழைய ஒரு வாசல், அயனோன் என்று பார்த்தால் உள்ளே வயலட்டோ ஐரிஸோ இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். வாங்குவதற்கு முன் காகிதப் பட்டையில் அடித்து, உடனே ஒரு முறை, அரை மணி கழித்து ஒரு முறை, மறுநாள் ஒரு முறை முகர்ந்து பாருங்கள் என்று ஒரு வரி சேருங்கள். மர மலர்ச் செண்டை அடித்தவுடன் முடிவெடுக்கிறவர், மரம் வருவதற்கு முன்பே கடையை விட்டுப் போய்விடுகிறார்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை ஒரு செண்டைப் பற்றி எழுதும்போது அந்த நிறுவனத்திடம் நாலு கேள்வி கேளுங்கள். செய்தவர் யார்? எந்தப் பொருளை நடுவில் வைத்துத் தொடங்கினார்? அட்டையில் சொல்லும் மரமும் பூவும் இயற்கையா, ஆய்வுக்கூடமா, இரண்டும் கலந்ததா? இயற்கை என்றால் எந்த நாட்டிலிருந்து வருகிறது? பதில் வந்தால் அதை அச்சிடுங்கள், அதுவே நல்ல கட்டுரையாக இருக்கும். சில நிறுவனங்கள் ரகசியம் என்று சொல்லும், செய்முறை விகிதத்தைச் சொல்ல மாட்டோம் என்பது நியாயம்தான், அதை யாரும் கேட்கவில்லை. ஆனால் செய்தவர் பெயரைக்கூடச் சொல்ல மறுத்தால், "கேட்டோம், சொல்லவில்லை" என்று ஒரு வரி கட்டுரையிலேயே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்